தடை போட்டது யார், எடுத்தது யார்? புல்லுக்கு அடிக்கும் மருந்தின் கதை



போன மாதம் நம்மூர் மையவாடியைத் துப்புரவு செய்வது பற்றிப் பேச்சு வந்தது. மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. "ஒரு டாங்கி மருந்து அடிச்சா நாலு நாளைல காஞ்சிரும், எதுக்கு இவ்வளவு ஆள்?" என்றார் ஒருவர். "அது அரசாங்கம் தடை செஞ்ச மருந்து" என்றார் இன்னொருவர். "தடைய எப்பவோ எடுத்தாச்சு" என்றார் மூன்றாமவர். "எடுத்தாங்கன்டா அது நல்லம் எண்டு தானே?" என்று ஒரு இளைஞர் கேட்டார். யாருக்கும் சரியான பதில் இல்லை. ஆசிரியர்களாகிய எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. அதற்குப் பிறகு தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வரலாற்றின் பாதி நடந்தது நமக்குப் பக்கத்திலேயே. நாட்டில் எந்தக் களைநாசினியை, எந்தப் பூச்சிநாசினியை விற்கலாம் என்று தீர்மானிக்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் கெட்டம்பேயில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனைக்குப் போகும்போது எத்தனையோ தடவை அந்தப் பக்கமாகப் போயிருப்போம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அந்தப் பதிவாளருக்கு அதிகாரம் கொடுத்தது.

அந்தச் சட்டம் வந்த காலத்தில் நாட்டில் நஞ்சு குடித்து இறப்பவர்களின் தொகை ஏறிக்கொண்டே போனது. பசுமைப் புரட்சியோடு வந்த மருந்துப் போத்தல்கள் ஒவ்வொரு விவசாயி வீட்டுக் கூரையிலும் செருகி இருந்தன. கோபத்தில், கவலையில், கடனில் ஒரு நிமிடம் தடுமாறியவர்களின் கைக்கு அவை எட்டின. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. அன்று உலகிலேயே மிகக் கூடிய விகிதங்களில் ஒன்று அது.

பதிவாளர் அலுவலகம் என்ன செய்தது? ஆக மோசமான நஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து அகற்றியது. 1984இல் பரதியோன், 1995இல் மொனோகுரோட்டோபோசும் மெதமிடோபோசும், 1998இல் எண்டோசல்பான். 1996 முதல் 2005 வரையான பத்து வருடங்களில், அதற்கு முந்திய பத்து வருடங்களை விட ஏறத்தாழ 20,000 தற்கொலை மரணங்கள் குறைந்தன என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இருபதாயிரம் என்றால், கட்டுகஸ்தோட்டை நகரும் சுற்றியுள்ள கிராமங்கள் சிலவும் சேர்ந்த தொகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதை நம் பாடப் புத்தகங்களில் நாம் எங்கும் கண்டதில்லை.

அடுத்து பரகுவாட். பெரியவர்களுக்கு "கிராமக்சோன்" என்றால் விளங்கும். தேயிலைத் தோட்டங்களில் அதிகம் பாவித்த களைநாசினி. இலையில் பட்டால் வெயிலில் ஓரிரு நாளில் கருகிவிடும். மனித உடலுக்குள் போனால் நுரையீரலைப் பிடிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு நஞ்சூட்டல் பற்றி ஆராய்ந்த வைத்தியர்கள், அனுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளுக்கு வந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விபரங்களைத் திரட்டினார்கள். எந்த மருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்பது வைத்தியசாலைப் பதிவுகளிலிருந்தே தெரிய வந்தது. 2008இல் தொடங்கி மூன்று வருடங்களில் பரகுவாட்டும் டைமெத்தோயேட், பென்தியோன் என்ற இரண்டு பூச்சிநாசினிகளும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. "விளைச்சல் விழுந்துவிடும்" என்று பயம் காட்டியவர்கள் இருந்தார்கள். முந்திய தடைகளால் விளைச்சல் குறைந்ததா என்று பதிவாளராக இருந்த கலாநிதி காமினி மனுவீரவும் மற்றவர்களும் ஆராய்ந்து பார்த்தார்கள், அப்படி ஒன்றும் காணப்படவில்லை.

இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறோம் என்றால், அடுத்த தடை இப்படி நடக்கவில்லை.

அடுத்தது கிளைபோசேட். மொன்சான்டோ நிறுவனத்தின் இரசாயனவியலாளர் ஜோன் பிரான்ஸ் 1970இல் கண்டுபிடித்தது, 1974இல் "றவுண்ட்அப்" என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பரகுவாட் போல இலையை மட்டும் எரிப்பதில்லை. இலை வழியாக இறங்கி வேர் வரை போகும். தாவரங்கள் தமக்குத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செய்துகொள்ளும் பாதையை அது அடைத்துவிடும். அந்தப் பாதை மனிதரிலும் மிருகங்களிலும் இல்லை. "மனிதருக்கு ஆபத்து இல்லை" என்ற பேச்சின் அத்திவாரம் இதுதான். ஆனால் போத்தலில் இருப்பது தனிக் கிளைபோசேட் அல்ல. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருட்களும் உண்டு. அவற்றில் சில கிளைபோசேட்டை விடக் கடுமையானவை. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

1990களின் நடுவிலிருந்து வட மத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத ஒரு சிறுநீரக நோய் பரவியது. மதவாச்சி, பதவிய பக்கத்து விவசாயிகள், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்கள், நாற்பது ஐம்பது வயதில் சிறுநீரகம் இழந்து இறந்தார்கள். 2014 பெப்ரவரியில் சன்ன ஜயசுமன, சரத் குணதிலக, பிரியந்த சேனாநாயக்க ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளைபோசேட் அந்தப் பகுதிக் கிணறுகளின் கடினநீரோடும் பார உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம் என்பது அவர்கள் சொன்ன கருதுகோள். கவனியுங்கள், கருதுகோள். பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்தில் நாம் படிப்பிப்பது போல, இனித்தான் சோதிக்க வேண்டிய ஒன்று.

சோதிப்பதற்கு முன்பே அரசியல் வந்துவிட்டது. அரசாங்கம் 2014 மார்ச்சில் தடை என்று அறிவித்து, சில வாரங்களில் பின்வாங்கியது. அந்த வருட முடிவில் நோய் பரவிய பிரதேசங்களுக்கு மட்டும் தடை. 2015 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கிளைபோசேட்டை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்" என்ற 2ஏ வகுப்பில் சேர்த்தது. பொலன்னறுவையிலிருந்து வந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, அதுரலியே ரதன தேரரும் மற்றவர்களும் வற்புறுத்த, 2015 நடுப்பகுதியில் நாடு முழுக்கத் தடை செய்தார்.

அப்போதே கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். இந்த மருந்தை ஏராளமாக அடித்தது மலையகத் தேயிலைத் தோட்டங்கள். அங்கே ஏன் இந்த நோய் இல்லை? மலைநாட்டுத் தண்ணீர் கடினநீர் அல்ல என்பது மறுபக்கத்தின் பதில். இரண்டு பக்கமும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. நோய்க்கான காரணமும் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட விவசாயிக்குத் தேவைப்பட்டது விவாதத்தில் வெற்றி அல்ல, நல்ல குடிதண்ணீர்.

தோட்டங்களில் என்ன நடந்தது? புல் பிடுங்க ஆள் போதவில்லை. கள்ளத்தனமாக வந்த கிளைபோசேட் பல மடங்கு விலைக்குப் போனது. சிலர் தேயிலைக்கு உரியதல்லாத வேறு களைநாசினிகளை அடித்தார்கள். அவற்றின் மிச்சம் இலங்கைத் தேயிலையில் இருப்பதாக ஜப்பானிலிருந்து முறைப்பாடு வந்தது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. வீட்டு வளவுக்கு, வயலுக்கு, மையவாடிக்கு இல்லை!

2021இன் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மே மாதம் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே அடியில் இறக்குமதித் தடை. நவம்பரில் கிளைபோசேட்டை அனுமதித்து பதிவாளரிடமிருந்து வர்த்தமானி வந்தது. உடனே அதை வாபஸ் வாங்கச் சொன்னார்கள், பதிவாளரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே வாரத்தில் அரசாங்கமே இரசாயன இறக்குமதித் தடையைத் தளர்த்துவதாக அறிவித்தது. 2022 ஓகஸ்டில் கிளைபோசேட் தடை நீங்கியது. அந்த இடைவெளியில் யாராவது புதிதாகச் சோதித்து "இது பாதுகாப்பானது" என்று நிரூபித்தார்களா? இல்லை. நாட்டில் டொலர் இல்லை, சோறு இல்லை, அதனால் எடுத்தார்கள். அந்த இளைஞரின் கேள்விக்கு இதுதான் பதில்: போட்டபோதும் முழு ஆதாரம் இல்லை, எடுத்தபோதும் அது காரணமில்லை.

வெளிநாட்டிலும் ஒரே குரல் இல்லை. அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் புற்றுநோய்க்கு வாய்ப்பில்லை என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இன்னும் பத்து வருடத்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அதே ஒன்றியத்திலிருக்கும் பிரான்ஸ், வீட்டுத் தோட்டக்காரர்கள் இதைப் பாவிப்பதை 2019 ஜனவரி முதல் நிறுத்திவிட்டது. ஆசிரியர்களாகிய எங்களை அதிகம் தொட்டது கலிபோர்னியாவின் டுவெய்ன் ஜோன்சனின் வழக்கு. அவர் பாடசாலை வளவுகளைப் பராமரித்தவர். பிள்ளைகள் விளையாடும் இடங்களுக்கு மருந்து அடிப்பது அவரது வேலை. ஒரு தடவை குழாய் கழன்று உடம்பெல்லாம் நனைந்தார். பிறகு நிணநீர்ப் புற்றுநோய். 2018 ஓகஸ்டில் ஜூரிகள் 289 மில்லியன் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தார்கள். மேன்முறையீட்டில் அது 20.5 மில்லியனாகக் குறைந்தது. மொன்சான்டோவை வாங்கிய பேயர் நிறுவனம், வீட்டுத் தோட்டங்களுக்கான கிளைபோசேட்டை 2023இலிருந்து அமெரிக்கச் சந்தையில் நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. வழக்குகளைக் குறைக்கத்தான், மருந்தில் பிழையில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

இனி நம் மையவாடி. அங்கே மருந்து அடிக்கப் போவது நாமல்ல. நாள் கூலிக்கு வரும் ஒருவர், செருப்போடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையுறையும் முகமூடியும் இல்லாமல். தோளில் ஒழுகும் டாங்கி. கீழே சரிவில் நாலைந்து வீட்டுக் கிணறுகள், அதற்கும் கீழே மகாவலி. வெட்டுகிற புல்லை ஆடு வளர்ப்பவர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டு போகிறார்கள், அந்த ஆடுகளில் சில ஹஜ்ஜுப் பெருநாளில் நம் வீட்டுக்கே வரும். இதற்கெல்லாம் விடை எந்த வர்த்தமானியிலும் இல்லை. இரண்டு கப்றுகளின் மேல் பச்சை ஈத்த மட்டையை நட்ட நபிகளாரின் சம்பவத்தை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அதன் சட்டத்தை ஆலிம்கள் விளக்கட்டும், நமக்கு அந்தப் பச்சைதான் ஞாபகம் வருகிறது.

மறுபக்கமும் உண்டு. அன்று மருந்து அடிக்கச் சொன்னவர் சோம்பேறி அல்ல. போன சிரமதானத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள், அதில் அவரும் ஒருவர். முதுகுவலியோடு மம்பட்டி பிடித்தவர் அவர். வராத நாங்கள் அவருக்கு விஞ்ஞானம் சொல்லப் போவது நியாயமில்லை.

அதனால் வரும் ஞாயிறு சுபஹு தொழுகைக்குப் பிறகு நாங்கள் ஆசிரியர்கள் எட்டுப் பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். புல்வெட்டும் மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது, பெற்றோலுக்குச் சேர்த்தாயிற்று. கத்தி, மம்பட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம், சப்பாத்துப் போட்டு வரச் சொல்லுங்கள், அட்டை இருக்கிறது.