சர்வகலாசாலையும் கூட்டுரோடும்

புதுவாயல் கூட்டுரோட்டில் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப்போகக் கம்பெனி வண்டிகள் வரும். ஏறுகிறவர்களில் பட்டதாரிகளும் உண்டு. படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் ஒட்டில்லை. ஆகவே சர்வகலாசாலையைத் திருத்த வேண்டும் என்பது இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட பேச்சு. இந்தப் பேச்சில் ஒரு சரித்திர மறதி இருப்பதாக எனக்குப் படுகிறது.

சென்னையில் சர்வகலாசாலை வந்தது 1857இல். அதற்கு 63 வருஷங்கள் முன்பே வேலைக்கான பள்ளி வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது. 1794இல் மைக்கேல் டாப்பிங் எட்டுப் பையன்களோடு சர்வே பள்ளி தொடங்கினார். கிண்டி பொறியியற் கல்லூரிக்கு மூலம் அதுதான். சர்வகலாசாலையோ லண்டனைப் பார்த்து அமைத்தது. ஆரம்பத்தில் அது பாடமே நடத்தவில்லை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பட்டத்துக்கு வேலை காத்திருந்தது. இங்கிலீஷ் படித்தவனுக்கே சர்க்கார் உத்யோகத்தில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் 1844இலேயே சொல்லியாகிவிட்டது. ஆக, நம் சர்வகலாசாலை வேலைக்கு உதவாமல் இருந்ததில்லை. அந்த வேலை மேஜை வேலை.

மேஜை யாருக்கு என்பதில்தான் சண்டை. 1953இல் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பை மூன்று மணி நேரமாக்கி, மிச்சப் பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னார். (சர்வகலாசாலை விஷயமில்லைதான், ஆனால் அங்கே போகும் வழி இங்கேதான் அடைபடுகிறது.) வெளுக்கிறவர் பிள்ளைக்கு வெளுப்பு, கணக்குப்பிள்ளை மகனுக்குக் கணக்கு. குலக்கல்வி என்று பெயர் விழுந்தது. 1954இல் ராஜாஜி விலக, காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. 'தொழிலுக்கேற்ற படிப்பு' என்றால் இங்கே இன்னும் சிலருக்குத் துணுக்கென்கிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

1961இன் அப்ரண்டிஸ் சட்டம் வேறு வழி சொன்னது: தொழிலைத் தொழிற்சாலையே கற்றுக்கொடுக்கட்டும். 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் அதற்குள் வந்தார்கள். 2022இல் வந்த 'நான் முதல்வன்' திட்டம் பயிற்சியைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலாளியின் செலவு கொஞ்சம் நம் தலையில் ஏறியிருக்கிறது.

ரசாயனம் படித்த பையன் ஒருவன் வண்டிக்காக நின்றபடி சொன்னான்: "மெஷினைப் பத்து நாள்ல சொல்லிக்குடுத்துட்டாங்க சார். சம்பளச் சீட்ல இந்தப் பிடித்தம் எதுக்குன்னு கேக்கத்தான் எங்கேயும் சொல்லித்தரலை." சீட்டை என்னிடம் நீட்டினான். எனக்கும் புரியவில்லை.