விசைக் கருவியும் விடாத கையும்

தச்சர் பட்டறையிலே துறப்பணம் என்றொரு கருவி உண்டு. கயிற்றாலோ வில்லாலோ சுழற்றி மரத்திலே துளையிடுவதற்கு அது பயன்படும். கை நின்றால் துறப்பணமும் நின்றுவிடும். உளியும் வாளும் சுத்தியலும் அத்தன்மையனவே. அவற்றால் காயம் நேராது என்பதன்று. ஆயினும், காயப்படுத்தும் வலு கையின் வலுவே. வலி கண்டதும் கை பின்வாங்கும், கருவியும் உடன் பின்வாங்கும். மனிதனுக்கும் கருவிக்கும் இடையே எழுதாமல் இருந்துவந்த உடன்படிக்கை அது. கருவிக்குள்ளே மின்சாரம் புகுந்த நாளில் அந்த உடன்படிக்கை முறிந்தது. அதனை மீண்டும் நிலைநாட்ட மனிதர் எடுத்த முயற்சியே விசைக் கருவிகளின் பாதுகாப்பு வரலாறாகும்.

1889ஆம் ஆண்டில், அவுஸ்திரேலியாவின் மெல்போர்ண் நகரில், ஆதர் ஆர்னொட், வில்லியம் பிரெய்ன் என்னும் இருவர் மின்சாரத் துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றனர். பாறையைத் துளைக்கவும் நிலக்கரி அகழவும் எண்ணிச் செய்த கருவி அது. 1895ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்த ஃபைன் தொழிலகம், கையிலே தூக்கி வேலை செய்யத்தக்க துளைகருவியை ஆக்கியது. அதன் நிறை ஏறக்குறைய 7.5 கிலோகிராம். கையிலே தாங்கிய கருவிதான். எனினும் அதனைச் சுழற்றியது கையன்று.

அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் 1910ஆம் ஆண்டில் டங்கன் பிளாக், அலொன்சோ டெக்கர் என்னும் நண்பர் இருவர் ஒரு பட்டறையைத் தொடங்கினர. அவர்களுடைய துளைகருவிக்கு 1917ஆம் ஆண்டிற் காப்புரிமை கிடைத்தது. கைத்துப்பாக்கியின் பிடியும், அதன் விசைவில்லைப் போன்ற ஆளியும் அக்கருவியின் புதுமைகள். விரல் அழுத்தினாற் கருவி ஓடும். விரலை விட்டால் நிற்கும். இன்று உலகெங்குமுள்ள துளைகருவிகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. முறிந்த பழைய உடன்படிக்கை இதனால் ஓரளவு மீண்டது எனலாம். ஆபத்து வந்தால் கையை விட்டாற் போதும் என்று தொழிலாளர் நம்பினர்.

ஆனால், கை எப்பொழுதும் விடுமா? இங்கேதான் சிக்கல் எழுந்தது. அக்காலக் கருவிகளின் உடல் உலோகத்தால் ஆனது. உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொடுமாயின், கருவி முழுவதும் மின்னேறிவிடும். ஆடலோட்ட மின்சாரம் கையினூடு பாயும்போது முன்னங்கைத் தசைகள் யாவும் ஒருங்கே சுருங்குகின்றன. விரல்களை மடக்கும் தசைகள், அவற்றை விரிக்கும் தசைகளிலும் வலியன. ஆகவே கை திறப்பதற்குப் பதிலாக மேலும் இறுக மூடுகிறது. எந்தக் கை விட்டால் உயிர் தப்புமோ, அந்தக் கையே கருவியைப் பற்றிக்கொள்கிறது.

எவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தாற் கை விடமாட்டாது? இதனை அளந்தறிந்தவர் கலிபோர்னியப் பல்கலைக் கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல். தாமாக முன்வந்த 134 ஆண்களையும் 28 பெண்களையும் கொண்டு அவர் சோதனை நடத்தினார். ஈரக் கையிலே செப்புக் கம்பியைப் பிடித்து, ஓட்டம் சிறிது சிறிதாகக் கூடும்போது அவர்கள் அதனை விட்டுவிட முயன்றனர். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியம்பியரிலும், பெண்களுக்கு 10.5 மில்லியம்பியரிலும் கை செயலிழந்தது. இலங்கையின் 230 வோல்ற்று மின்சாரத்தில் எரியும் 60 வாற்று மின்குமிழ் ஏறக்குறைய 260 மில்லியம்பியர் எடுக்கும். அதில் 16இல் ஒரு பங்கே ஒரு மனிதனைக் கருவியோடு பிணைத்துவிடப் போதும். வீட்டிலுள்ள 5 அம்பியர் உருகி இத்துணைச் சிறிய ஓட்டத்தை அறியவே அறியாது. உருகி காப்பது கம்பியை, மனிதனையன்று.

எனவே, மனிதனின் கை விடாவிட்டால் மின்சாரமே அவனை விடவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. கருவியின் உலோக உடலைப் புவியோடு இணைக்கும் மூன்றாவது கம்பி ஒரு வழி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக்கு பெருகியபோது, மின் கம்பிகளுக்கும் கைக்கும் இடையே இரட்டைக் காவல் வைப்பது மற்றொரு வழியாயிற்று. சதுரத்துக்குள் சதுரமாகக் கருவிகளிற் பொறித்திருக்கும் அடையாளம் அவ்விரட்டைக் காவலையே குறிக்கிறது. மூன்றாவது வழியை 1961ஆம் ஆண்டில் டால்சியலே வகுத்தார். கருவிக்குச் சென்ற மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அவருடைய சாதனம் இடைவிடாது கணக்குப் பார்த்தது. 5 மில்லியம்பியர் குறைந்தாலும், அது யாரோ ஒருவரின் உடலூடு புவிக்குப் போகிறது என்று கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தைத் துண்டித்தது. இலங்கை வீடுகளிலே ட்ரிப் சுவிட்ச் என்று வழங்குவதும் இக்கணக்கையே பார்க்கிறது. பொதுவாக 30 மில்லியம்பியர் கசிந்தால், இதயம் நிலைகுலையுமுன் அது விழுந்துவிடும்.

விரலும் விசைவில்லும் வேறோர் ஆபத்தையும் கொணர்ந்தன. ஆணியும் ஸ்டேப்ளர் கம்பியும் அடிக்கும் விசைக் கருவிகளில் விடுவதற்கு நேரமில்லை. விரல் அசைந்த கணத்திலேயே கம்பி பாய்ந்துவிடும். ஆகவே கருவியின் மூக்கை மரத்தில் அழுத்தினாலன்றி அடிக்காதபடி பல கருவிகளில் அமைத்தனர். அதிலும் இரு வகை உண்டு. விசைவில்லை அழுத்திப் பிடித்தவாறே மூக்கைத் தட்டத் தட்ட அடிப்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் முதலில் மூக்கு, பின்னர் விரல் என்ற ஒழுங்கிலே அடிப்பது மற்றொன்று. முன்னையது வேகமானது. ஆனால், ஆணித் துப்பாக்கிகளைப் பற்றி அமெரிக்க அரச நிறுவனங்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூல், அவ்வகையிற் காயம்படும் அபாயம் இரு மடங்கு என்று எச்சரிக்கின்றது.

1999ஆம் ஆண்டில் இந்த வரலாறு வியத்தகு திருப்பத்தைக் கண்டது. மரவேலையிற் பற்றுக்கொண்ட அமெரிக்க வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ், விரல் தொட்டதும் தானே நிற்கும் வட்ட வாளை அமைத்தார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதே அதன் அடிப்படை. உடல் பட்டதும் வாளிலுள்ள சிறு மின்குறி மாறும். ஓர் அலுமினியத் தடை வாளைக் கவ்வி, ஏறக்குறைய 5 மில்லி செக்கனில் நிறுத்தும். முதலில் இறைச்சிச் சொசேஜை வைத்துச் சோதித்தவர், பின்னர்த் தம் விரலையே வைத்துக் காட்டினார். 2004ஆம் ஆண்டில் அவ்வாள் விற்பனைக்கு வந்தது. எந்த இயல்பினால் மின்சாரம் மனிதனைக் கொல்கிறதோ, அதே இயல்பு அவன் விரலைக் காத்தது.

எச்சரிக்கையாயிரு என்று தொழிலாளிக்குச் சொல்வது எளிது. ஆனால் கை தவறும், கண் அயரும், தசை இறுகும் என்பதை ஏற்றுக்கொண்டு கருவியை அமைத்தபோதே உயிர்கள் பெரிதும் தப்பின. அவ்வாறு அமைத்த காவலை வேகத்துக்காகக் கழற்றுவதும், புவிக் கம்பியை வெட்டிவிட்டு இரண்டு முனைச் செருகியில் ஓட்டுவதும், விழுந்த ட்ரிப் சுவிட்சைக் காரணம் ஆராயாது கட்டிவைப்பதும் ஒரு நூற்றாண்டின் படிப்பினையைக் கைவிடுவதாகும். இன்னும் ஒரு வேலையை எந்தக் கருவியும் தானே செய்யாது. அலகை மாற்றுமுன்னும், சிக்கிய கம்பியை எடுக்குமுன்னும் செருகியைக் கழற்றுவது அது. அதனைக் கைதான் செய்யவேண்டும்.