கரையாத உலோகம் கரைந்த கதை

மாமாவுக்குக் கீமோ நடந்த நாட்களில், மருந்துக்கு முன்பே மணிக்கணக்கில் உப்புநீர் ஏற்றினார்கள். "மருந்து எங்கடா? தண்ணியத்தான ஏத்துறாங்க" என்று சலித்துக்கொள்வார். மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின். பொறியியல் படித்த எனக்கு பிளாட்டினம் என்றால் மின்முனைதான். எதோடும் எளிதில் வினைபுரியாது, கரையாது. அது எப்படி மருந்தானது என்று தேட ஆரம்பித்தேன்.

1965. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். பார்னெட் ரோசன்பெர்க் இயற்பியல் படித்தவர். செல் பிரியும்போது தெரியும் வடிவம், காந்தத்தைச் சுற்றி நிற்கும் இரும்புத்தூளை அவருக்கு நினைவூட்டியது. மின்புலத்தால் செல் பிரிவை மாற்ற முடியுமா என்று பார்க்க, பாக்டீரியா வளரும் திரவத்தில் பிளாட்டின மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியா சாகவில்லை, பிரியவும் இல்லை. வழக்கத்தைவிட 300 மடங்கு வரை இழையிழையாக நீண்டன.

'மின்சாரத்தின் வேலை' என்று அதோடு முடித்திருக்கலாம். நானாக இருந்தால் முடித்திருப்பேன். அவருடைய குழு விடவில்லை. மின்சாரம் பாய்ந்து முடிந்த திரவத்தில் புது பாக்டீரியாவை விட்டார்கள், அவையும் நீண்டன. அப்படியென்றால் காரணம் மின்சாரம் இல்லை. கரையாது என்று நம்பிய மின்முனை கொஞ்சம் கரைந்து, திரவத்திலிருந்த அமோனியம் குளோரைடோடு வினைபுரிந்திருந்தது.

அப்படி உருவானவற்றில் ஒன்று, இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே தயாரித்த சேர்மம். நூறாண்டுக்கு மேல் அது மருந்தென்று யாருக்கும் தெரியாது. பிளாட்டினத்தைச் சுற்றி இரண்டு அமோனியா, இரண்டு குளோரின். குளோரின்கள் ஒரே பக்கம் இருந்தால்தான் மருந்து. எதிரெதிராக நின்றால் பயனில்லை. செல்லுக்குள் குளோரின் கழன்றதும் பிளாட்டினம் டிஎன்ஏவைப் பிடித்து வளைத்துவிடும். செல்லால் பிரிய முடியாது.

1969இல் எலிகளின் கட்டிகள் சுருங்கிய செய்தி வெளிவந்தது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரகம் கெட்டது. மருந்தையே கைவிடும் நிலை. அதைக் காப்பாற்றியது உப்புநீர்தான்: முன்னும் பின்னும் நிறைய ஏற்றினால் சிறுநீரகம் தாங்கியது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரவிய பிறகு பிழைப்பது அரிதாக இருந்த விதைப்பைப் புற்றுநோயில், இந்த மருந்து வந்தபின் பெரும்பாலோர் குணமானார்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். "அப்ப அந்தத் தண்ணியும் மருந்துதான்" என்றார். இந்த மருந்து காதையும் பாதிக்கும். இப்போது அவர் டிவியைச் சத்தமாக வைத்துத்தான் பார்க்கிறார். அத்தை திட்டுவதில்லை.