வலிக்காத பல்லுக்கு வைத்தியம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்று ஒரு நகரம். தையல் இயந்திரங்களும் தோட்டாக்களும் செய்யும் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். அங்கே பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸிடம் ஐரீன் நியூமன் என்ற பெண் உதவியாளராக இருந்தார். ஃபோன்ஸுக்கு உறவும்கூட. நாற்காலியின் பக்கத்தில் நின்று, கேட்ட கருவியை எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. 1906இல் ஃபோன்ஸ் அந்தக் கருவியை நியூமனின் கையிலேயே கொடுத்தார். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கவும், பிறகு பல்லைத் தேய்த்து மெருகேற்றவும் கற்றுக்கொடுத்தார்.

அதற்காக வந்து உட்கார்ந்தவர்கள் வலி தாங்காமல் ஓடி வந்தவர்கள் அல்ல. அந்தக் காலத்தில் அது பெரிய மாற்றம். பல் மருத்துவர் என்றால் வீங்கிய கன்னத்தோடு போய்ப் பார்க்க வேண்டிய ஆள். சொத்தையை அடைப்பார், முடியாவிட்டால் பிடுங்குவார், பிறகு பொய்ப்பல் கட்டுவார். ஒன்றும் இல்லாத நாளில் அவர் வாசலை மிதிக்கப் பெரும்பாலானோருக்குத் தோன்றியதில்லை.

வலி வருமுன்பே பல்லைக் காக்கலாம் என்ற எண்ணத்தை ஃபோன்ஸுக்கு ஊட்டியவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த டி.டி. ஸ்மித். 1890களிலேயே அவர் தன் நோயாளிகளைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரவழைத்து, ஒவ்வொரு பல்லையும் கையாலேயே சுத்தம் செய்து வந்தார். அதே காலத்தில் பெர்லினில் பணிபுரிந்த அமெரிக்கர் டபிள்யூ.டி. மில்லர், வாயில் வாழும் கிருமிகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கின்றன என்று விளக்கி 1890இல் நூல் எழுதியிருந்தார். சொத்தை தலையெழுத்து அல்ல, தினந்தோறும் நடக்கும் ஒரு வேலை என்று புரிந்துவிட்டது. அப்படியானால் அந்த வேலையை நடுவிலேயே நிறுத்தலாம் அல்லவா? ஸ்மித்தின் கையில் நோயாளிகள் பெற்ற பலனைப் பார்த்த ஃபோன்ஸ், ஊர் திரும்பித் தன்னிடம் வருபவர்களுக்கும் அதையே செய்தார். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஒரு வாயைச் சுத்தம் செய்யவே நெடுநேரம் பிடித்தது. ஒரே மருத்துவர் எத்தனை பேருக்குச் செய்வார்? நியூமனைப் பழக்கியது அதனால்தான்.

காரை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் இப்படிச் சுத்தம் செய்வதன் அருமை விளங்கும். பல்லின்மேல் கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டுகின்றன. அன்றன்றைக்குத் துலக்கினால் போய்விடும். விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகள் அதில் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதை அசைக்க முடியாது. கீழ்முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். எச்சில் சுரப்பியின் துளை அங்கே இருப்பதால் காரை முதலில் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். அந்தக் காரையின்மேல் புதிய கிருமிகள் குடியேறும். ஈறு சிவக்கும், துலக்கும்போது ரத்தம் கசியும். அநேகமாக வலிக்காது. வலிக்காமலே உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளர்வதில்லை.

“ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடிப்போயிடும்” என்று, இப்படிக் காரை எடுப்பதைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. பல் ஆடுவது எலும்பு போனதால். இத்தனை நாள் காரை அந்த ஆட்டத்தை மறைத்து, பற்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்தது. அதை எடுத்ததும், வீங்கிய ஈறும் வற்றியதும், இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. பழி சுத்தம் செய்தவர்மேல் விழுகிறது.

பிரிட்ஜ்போர்ட்டுக்குத் திரும்புவோம். பயிற்சி பெற்ற உதவியாளர் பல் சுத்தம் செய்யலாம் என்று 1907இல் கனெக்டிகட் சட்டம் திருத்தப்பட்டது. எல்லா இடத்திலும் இப்படி வழி கிடைக்கவில்லை. ஒஹாயோவில் 1910இல் தொடங்கிய இதேபோன்ற ஒரு படிப்பு, பல் மருத்துவர்களின் எதிர்ப்பால் நின்றுபோனது. ஃபோன்ஸ் பின்வாங்கவில்லை. 1913 நவம்பரில் ஒரு வண்டிக் கொட்டகையை வகுப்பறையாக்கிப் பள்ளி திறந்தார். 34 பெண்கள் சேர்ந்தார்கள். ஆசிரியைகளும் நர்ஸ்களும் அவர்களில் உண்டு. 1914 ஜூனில் 27 பேர் படித்து முடித்தார்கள். அவர்களை ‘டென்டல் நர்ஸ்’ என்று அழைக்க ஃபோன்ஸ் விரும்பவில்லை. நர்ஸ் என்றாலே நோய் நினைவுக்கு வரும். இவர்களோ நோய் வராமல் காக்கப்போகிறவர்கள். அதனால் ‘டென்டல் ஹைஜீனிஸ்ட்’ என்று பெயர் வைத்தார். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்திலும் அந்தப் பெயருக்குத் தனி இடம் தரப்பட்டது.

அந்தப் பெண்களில் பலர் முதலில் போனது நகரத்தின் அரசுப் பள்ளிகளுக்கு. முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளிடமிருந்து தொடங்கினார்கள். வாயைப் பார்த்தார்கள், பல்லைச் சுத்தம் செய்தார்கள், பிரஷ்ஷைப் பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். பல் நாற்காலி என்றால் குறடு, ரத்தம், அலறல் என்றே வீட்டில் கேட்டிருந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், வலியில்லாமல் உட்கார்ந்து வலியில்லாமல் எழுந்து போனார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்ட வேண்டும் என்பது பின்னால் ஊரெங்கும் பரவிய கணக்கு. எல்லோருக்கும் அதே இடைவெளி தேவையில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004இல் தந்த வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாயின் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இருக்கலாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகைப்பவர்களும் அடிக்கடி காட்ட வேண்டியவர்கள்.

கொட்டகைப் பள்ளி மூன்று ஆண்டுகள் நடந்தது. மொத்தம் 97 பேர் படித்து வெளியேறினார்கள். அதற்குள் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இதே படிப்பு வந்துவிட்டது. 1917இல் கனெக்டிகட் மாநிலம் டென்டல் ஹைஜீனிஸ்ட்டுகளுக்கு உரிமம் வழங்கியபோது, முதல் உரிமம் ஐரீன் நியூமனுக்குக் கிடைத்தது. அந்த வேலையை அவர் செய்யத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.