துண்டாடலும் பத்து வெள்ளியும்

தோட்டத்து லயம் தொழிலாளிக்குச் சொந்தமான வீடு அன்று. வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை போயின் கூரையும் போகும். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களின் வரலாற்றை ஆராய்வோர் இதனை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

உணவும் ஓரளவு அந்த நிலத்தையே சார்ந்திருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்துடன் வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்கவேண்டும் என விதித்தது. கையகல நிலந்தான், எல்லாத் தோட்டங்களிலும் ஒழுங்காக அளந்து கொடுத்தார்கள் என்று கொள்வதற்கும் இல்லை. ஆயினும் லயத்தின் பின்புறத்தில் முருங்கையும் கத்தரியும் மரவள்ளியும் வளர்ந்தன; சிலர் பசு வளர்த்துப் பாலும் விற்றனர். கூலி குறைந்த நாள்களில் அடுப்பெரிய இவையும் உதவின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி வைக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியே. வீடு, காய்கறி, கிணறு, கோயில், பள்ளி ஆகிய அனைத்தும் இவ்வாறு பிறர் பெயரிலிருந்த ஒரே நிலத்தின்மீது நின்றன.

1950களில் அந்நிலம் அசைந்தது. கொரியப் போரின்போது ஏறிய இரப்பர் விலை பின்னர் இறங்கியது. 1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. எதிர்காலத்தை எண்ணி அஞ்சிய ஐரோப்பிய நிறுவனங்கள் சில, தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோருட் பலர் தோட்டம் நடத்த வந்தவர் அல்லர்; மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் வாணிகர். நூறு ஏக்கருக்குக் குறைந்தது தோட்டம் எனக் கணக்கில் வராது. சிறு துண்டை வாங்கியவருக்கு லயமும் தேவையில்லை, ஆயாக் கொட்டகையும் தேவையில்லை. குத்தகையாள் ஒருவர் போதும். கிணறு ஒருவர் துண்டிலும் கோயில் மற்றொருவர் துண்டிலுமாகப் போனால் அங்கே குடியிருப்பது எங்ஙனம்? 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து தனி அறிக்கையே வெளியிட்டார்.

இந்நிலையில்தான் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்த வீ. தி. சம்பந்தன் அப்போது அமைச்சர், ம.இ.கா.வின் தலைவர். சுங்கை சிப்புட்டில் இரப்பர் நிலம் உடைய குடும்பத்தில் பிறந்தவராதலின், நிலத்தின் வலிமையை உடையவர் பக்கமிருந்தே அறிந்தவர் எனலாம். அவர் கண்ட வழி எளியது: விற்கும் தோட்டத்தைத் தொழிலாளரே சேர்ந்து வாங்கிவிடுவது. பங்கு 100 வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். பால்மரம் வெட்டுவோர்க்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. கள்ளுக்கடைக்குப் போகும் காசையாவது நிறுத்தினாலன்றி அது மிஞ்சாது. அதனால் அவர் தோட்டந்தோறும் சென்று பேசவேண்டியதாயிற்று. 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று.

சிக்கனச் சங்கங்கள் தோட்டங்களுக்குப் புதியன அல்ல. 1922இலேயே கூட்டுறவுத் துறை தொடங்கப்பட்டது. ஆயினும் அவை சேமிக்கவும் கடன் கொடுக்கவுமே பயன்பட்டன. சேமிப்பைக் கொண்டு காலடி நிலத்தையே வாங்கத் துணிந்ததுதான் இங்குப் புதுமை. சிலர் இச்சங்கத்தை அரசியல்வாதி ஒருவரின் சாதனையாக மட்டும் எழுதிச் செல்கின்றனர். அது பொருந்தாது. முன்பின் கண்டறியாத கெடாத் தோட்டத்திற்காக வேறு மாநிலத்துத் தொழிலாளி பத்து வெள்ளியை எடுத்து நீட்டினானே, அந்த நம்பிக்கையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

எனினும் பங்குச் சீட்டு வீட்டு மனைக்குரிய பட்டா அன்று. அது தோட்டம் துண்டாகாமல் காத்தது. குடியிருந்த வீட்டைத் தொழிலாளியின் பெயருக்கு மாற்றித் தரவில்லை. சங்கம் வாங்க இயலாமற்போன தோட்டங்களோ பல. அவற்றிலிருந்து வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் நகரோரப் புறம்போக்கு நிலங்களிற் பலகை வீடு கட்டிக் குடியேறினர். அங்கும் நிலம் அவர்களுடையதாக இல்லை.