அறுத்த கட்டையும் சுரண்டிய குழலும்

பழைய இராணுவத் துவக்கு ஒன்றைச் சொந்தக்காரர் தன் தேவைக்கு வெட்டி மாற்றலாமா, கிடைத்தபடியே பாதுகாக்க வேண்டுமா? வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் மத்தியில் இது ஓயாத வாதம். நமக்கென்ன என்று தாண்டிப் போகாதீர்கள். இந்தக் கதையின் ஒரு நுனி நம் மலைகளில்தான் இருக்கிறது.

1899 இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியது. போயர்களின் கையில் ஜெர்மன் மவுசர். பிரித்தானியப் படை ஆரம்பத்தில் நன்றாக அடி வாங்கியது. பிடிபட்ட போயர்களில் சுமார் 5,000 பேரை 1900 முதல் நம் பக்கத்துத் தியத்தலாவையில்தான் அடைத்து வைத்தார்கள். தோட்டத் துரைமாரைக் கொண்டு ரைபிள் படை அமைக்கப்பட்டதும் அதே 1900 இல்தான். அந்த யுத்தத்தில் படித்த பாடத்தின்படி நீளமான லீ-என்ஃபீல்ட் குட்டையாக்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் பாவித்த .303 அதுதான்.

1945 க்குப் பின் மிஞ்சியவை மலிவாக விற்கப்பட்டன. வாங்கிய வேட்டைக்காரர்கள் முன்பக்க மரக்கட்டையை அறுத்தார்கள், குழலைக் குறுக்கினார்கள். பாரம் குறைந்தது, வீட்டுக்கு இறைச்சி வந்தது. அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அன்று அது எங்கும் கிடைத்த சாமான். இன்றோ கட்டை அறுபடாத, பாகங்களின் இலக்கங்கள் ஒத்துப்போகிற துவக்குக்குத்தான் நல்ல விலை.

ஆனால் எல்லா மாற்றத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1857 இல் என்ஃபீல்ட் ரவைகளில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருப்பதாகப் பரவிய பேச்சு, இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரையும் கொதிக்க வைத்தது. கிளர்ச்சியை அடக்கிய பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த துவக்குகளில் குழலுக்குள் இருந்த சுருள் பள்ளங்களைப் பிரித்தானியர் இல்லாமலாக்கினார்கள். சுருள் இல்லாவிட்டால் ரவை தூரத்துக் குறிக்கு நேராகப் போகாது. பின்னாளில் இசாப்பூர் தொழிற்சாலையும் .303 துவக்குகளின் குழலைத் துளைத்து, ஒரு முறைக்கு ஒரு ரவை மட்டுமே சுடும் .410 ஆக மாற்றிப் பொலிசாருக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தது. இராணுவ ரவை அதில் வேலை செய்யாது.

வேட்டைக்காரரின் வெட்டு அவர் வசதிக்கு. ஆட்சியாளரின் வெட்டு அவர்களுடைய பயத்துக்கு. அந்தச் சிப்பாய்த் துவக்கை இன்று யாராவது 'பழைய நிலைக்கு' திருத்தினால், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆட்சி தன் சிப்பாயையே நம்பவில்லை என்பதற்கான கண்கண்ட சாட்சி போய்விடும்.

ஆகவே 'மாற்றினார்களா' என்பதோடு நிற்காமல், 'யார், எதற்காக மாற்றினார்கள்' என்றும் கேட்கப் பழகுவோம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம், அதைச் சொல்லவில்லை. நம் வீடுகளில் இருக்கும் பழைய தராசு, கவ்வாத்து வெட்டும் கத்தி, செக்ரோல் புத்தகம் பற்றிச் சொல்கிறேன். பித்தளையைத் தேய்க்கும்போது பொறித்த இலக்கமும் தேயும். தேய்க்க முன், தீந்தை பூச முன், இரும்புக் கடைக்குப் போட முன் ஒரு படம் எடுங்கள். யார் பாவித்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.