ஓட்டப்பிடாரத்து இல்லமும் ஒரு குடும்பத்தின் வரலாறும்

கோட்டைகளையும் கோயில்களையுமே வரலாற்றுச் சின்னங்களாகப் போற்றும் வழக்கம் தமிழரிடையே வேரூன்றியுள்ளது. குடியிருந்த வீடுகளும் வரலாறு பேசும் என்பதற்குத் தூத்துக்குடிக்கு வடமேற்கே, பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையில் உள்ள ஓட்டப்பிடாரம் சான்று பகர்கிறது. கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5-இல் பிறந்த ஊர் அது. அவரது இல்லம் இன்று நூலகத்துடன் கூடிய அரசு நினைவில்லமாகத் திகழ்கிறது.

நினைவில்லமாக மாறிவிட்ட ஓர் இல்லத்தில் அக்காலக் குடும்ப வாழ்வை உணர வேண்டுமாயின், கரிசல் வட்டாரத்து வேளாண் வீடுகளின் அமைப்பை அறிதல் வேண்டும். தெருவை நோக்கிய திண்ணை, அதனையடுத்துப் பட்டாசாலை, உள்ளே இருள் செறிந்த அரங்கு வீடு, பின்புறம் அடுப்பங்கரை, தொழு, கிணறு என்பது பொதுவான ஒழுங்கு. கூரையைத் தாங்குவன வைரம் பாய்ந்த பனங்கைகள். மழையில் விம்மிக் கோடையில் வெடிக்கும் கரிசல் மண்ணில் சுவர் பிளவாதிருக்க அகன்ற அடித்தளம் தேவைப்பட்டது. வானம் பார்த்த பூமியாதலின் சோளமும் கம்பும் அடுத்த மழைவரை குதிரில் காத்திருக்கும். சேமித்துக் காப்பதே அவ்வீடுகளின் உயிர்க்கொள்கை எனலாம்.

அத்தகைய வாழ்வு நிலவிய மண்ணில், உலகநாத பிள்ளை, பரமாயி அம்மாள் இணையரின் மகனாகச் சிதம்பரனார் வளர்ந்தார். தந்தையார் பெயர் பெற்ற வழக்குரைஞர். பாட்டியார் சிவபுராணக் கதைகளையும், பாட்டனார் இராமாயணக் கதைகளையும் கூறினர். வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் பயின்றார். பிற்காலத்தில் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்த புலமைக்கு வித்து இங்கேயே விழுந்தது.

காக்கும் மரபில் பிறந்தவர், வழங்கும் வழியைத் தேர்ந்தார். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து இலட்சம் ரூபாய் மூலதனம், பங்கொன்று 25 ரூபாய் என வகுக்கப்பட்டது. 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஆங்கிலேயர் தனியுரிமைக்கு அறைகூவல் எழுந்தது.

விலையைச் செலுத்தியது குடும்பம். 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். சூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அச்செய்தியால் இளவல் மீனாட்சிசுந்தரம் பித்துற்றார். பின்னர்த் தெளிவு பெறவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் கோவைச் சிறையில் சிதம்பரனார் செக்கிழுத்தார். அவர் சிறையிலிருந்தபோதே கம்பெனி கலைந்தது. 'காலியா' போட்டிக் கம்பெனியின் கைக்கே போயிற்று. 1912 டிசம்பரில் விடுதலையானவருக்குச் செல்வமும் இல்லை. வழக்குரைக்கும் உரிமையும் இல்லை. சென்னையில் வறுமையோடு போராடினார். நீதிபதி வாலசு அவ்வுரிமையை மீட்டளித்தார். நன்றி மறவாத அவர் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார்.

1936 நவம்பர் 18-இல் அவர் உயிர் பிரிந்தது சொந்த வீட்டிலன்று. அவர் விரும்பியவாறே தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில். ஓட்டப்பிடாரத்துக் குடும்ப இல்லத்தில் தொடங்கிய வாழ்வு நாட்டின் பொதுவிடத்தில் நிறைவுற்றது.

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. துறைமுகம் அவரது வெற்றிக் கனவைக் காட்டும். ஓட்டப்பிடாரத்து இல்லமோ அக்கனவுக்காக ஒரு குடும்பம் இழந்ததை உணர்த்தும். தம் வாழ்வை அகவலில் பாடிய அவரது சுயசரிதையைக் கையிலேந்தி அவ்வில்லத்தின் படியேறுதல், பாவலர் ஒவ்வொருவரும் அவருக்குச் செலுத்தத்தக்க நன்றிக்கடன் ஆகும்.